தேக்கடி: இருக்கையை விட்டு எழாதீர்கள்!

தேக்கடி ஏரியில் பட்டுப்போன மரங்கள் நீருக்கு மேலே தலைநீட்டி நிற்கின்றன. 1895-ல் முல்லைப் பெரியாறு அணையால் மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. கரையில் மேயும் யானைகளையும் காட்டெருமைகளையும் பார்க்கத்தான் படகுச் சவாரி. ஆபத்தும் அதில்தான். 2009 செப்டம்பர் 30 அன்று விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டபோது, 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். பழியைப் பயணிகள்மீது மட்டும் போட முடியாது. கூட்டம் நகர்ந்தாலே கவிழும் படகு ஏரியில் இறங்கியிருக்கவே கூடாது.

இப்போது சவாரிக்கு வருபவர்களுக்கு இரண்டு பாடங்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம்; வாரை இறுக்கினால் முடிந்தது. இருக்கையை விட்டு எழாமல் இருப்பதுதான் சிரமம். 'யானை!' என்று ஒரு குழந்தை கத்தினால் கேமராவும் கையுமாகப் பாதிப் படகு எழப் பார்க்கும். அந்த நேரத்தில் அதட்டி உட்காரவைக்க ஊழியர் ஒருவர் வேண்டும்.