காட்டுப்பன்றிக்கும் பாட்டிக்கும் நடுவே

மாச்சாப் தாண்டி அடுத்த டோலில் இறங்கினால் சிம்பாங் ரெங்கம். அன்னாசிப்பழத்துக்குப் பேர்போன ஊர். அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. விசாரணை இல்லாமல் ஆட்களை அடைத்து வைத்த தடுப்பு முகாமால்தான் பலருக்கு இந்தப் பெயர் தெரியும். எனக்கு இது மாமா வீடு.

போன மாதம் போனபோது மாமா சோர்ந்து உட்கார்ந்திருந்தார். புதிதாக நட்ட செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் ஒரே ராத்திரியில் குதறிவிட்டன. பக்கத்து நிலத்துச் சீன அங்கிளிடம் ஷாட்கன் இருக்கிறது. 1960 ஆயுதச் சட்டப்படி போலீசில் உரிமம் வாங்கியது.

“நம்மளும் எழுதிப் போட்டா என்னம்மா?” என்று என்னிடம் கேட்டார்.

பாட்டி வெற்றிலை இடிப்பதை நிறுத்தினார். “அந்தச் சாமான் வாசப்படி ஏறுச்சுன்னா நான் இறங்கிப் போயிருவேன்டா.”

பாட்டிக்கு 86 வயது. 1948-இல் அவசரகாலம் தொடங்கியபோது இந்த வட்டாரத்தில்தான் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் சிறுமி. பகலில் ராணுவம் வந்து வீட்டைக் கலைத்துத் தேடும். இரவில் காட்டிலிருந்து இறங்கி வருபவர்கள் அரிசி கேட்பார்கள். அவர்களுக்குப் போய்விடும் என்று, பால்வெட்டப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைக்கூட வாசலில் திறந்து பார்த்தார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் பாட்டிக்குக் கோபம் வரும். பசிக்கும் சந்தேகமா என்பார்.

அனுமதி இல்லாத துப்பாக்கிக்கு அப்போது தூக்கு. மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ. கணபதி, தமிழர், துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேருவின் அரசு கருணை கேட்டும் நடக்கவில்லை.

இதே பாட்டி சோறு ஊட்டி வளர்த்த பேரன், மாமாவின் மகன், இப்போது ஹூஸ்டனில் இருக்கிறான். அன்றிரவு வீடியோ காலில் வந்தான். அவன் கட்டில் பக்கத்துப் பெட்டியில் ஒரு பிஸ்டல் இருக்கிறது, பாட்டிக்குத் தெரியாது. “இங்க அது வீட்டுப் பூட்டு மாதிரிக்கா. எங்க தெருவுல யாரும் அதைப் பெருசா எடுத்துக்கறதில்ல,” என்றான். போய்ப் பன்னிரண்டு வருடம்தான் ஆகிறது.

குடகுக்குப் போயிருந்தபோது கேட்டதைப் பாட்டியிடம் சொன்னேன். அங்கே கைல்பொது திருநாளில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கி ஒரு வெடி. கொடவர்களுக்கு உரிமத்திலிருந்தே விலக்கு உண்டு.

பாட்டி கொஞ்சம் யோசித்தார். “அது அவங்க கையில இருந்துச்சு. நமக்கு எதிர்லதானே இருந்துச்சு.”

வீட்டில் துப்பாக்கி கூடாது என்று வானொலியில் நான் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன், ஏதோ படித்துத் தெளிந்தவள் மாதிரி. இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்தக் குரலில் பாதி இந்த வெற்றிலை வாசம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு கன்றுகூட நட்டுப் பார்க்காத எனக்கு, மாமாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் மாமா நிலத்தைச் சுற்றித் தகர வேலி அடித்துக்கொண்டிருந்தார். விபூதி எடுக்கச் சாமி மேடைக்குப் போனேன். முருகன் படத்துக்குப் பின்னால், நான்காக மடித்த உரிம விண்ணப்பப் பாரம். பெயர் மட்டும் எழுதியிருந்தது.