தேடிக் கண்டுபிடிக்கும் படநூல்கள்



இரு பக்கங்களையும் நிறைத்த ஒரே படம். கடைத்தெரு, வண்டிகள், ஏராளமான மனிதர்கள். அக்கூட்டத்தில் ஒளிந்திருக்கும் ஒன்றைக் குழந்தை தேட வேண்டும். மார்ட்டின் ஹான்ட்ஃபோர்டு 1987-இல் வெளியிட்ட ‘வேர்ஸ் வாலி’ நூலில், சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைக்காரர் அவ்வாறு மறைந்திருக்கிறார். அதற்கு முன்பே, 1968-இல், ஜெர்மனியின் அலி மிட்குட்ச் ஒரு நகரத்தின் அன்றாட வாழ்வைக் கதை வரிகள் இன்றி, இத்தகைய நெரிசலான படங்களாகவே வரைந்திருந்தார்.

வாசிக்க வரிகள் இல்லை என்பதே ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு இல்லங்களுக்கு இந்நூல்களைப் பொருத்தமாக்குகிறது. நம்மில் பலருக்கு வீட்டுமொழி உருது. பிள்ளை பள்ளியில் கற்பதோ தமிழும் ஆங்கிலமும். பகலெல்லாம் ஷூ கம்பெனியில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்துவிட்டு மஃரிப் நேரத்தில் திரும்பும் தாய், தமக்குச் சரளமாக வாசிக்க வராத மொழியில் கதைநூலை எவ்வாறு விரிப்பார்? கூச்சமும் களைப்பும் சேர்ந்து, கைப்பேசி பிள்ளையின் கைக்குப் போய்விடுகிறது. படநூலில் அந்தத் தடை இல்லை. “பில்லி கஹாங் ஹை?” என்று கேட்டாலும் போதும், “பூனை எங்கே?” என்றாலும் போதும். பெரும்பாலும் பிள்ளையே முந்திக்கொள்ளும். (தோலில் கீறலும் உண்ணிக்கடித் தழும்பும் பார்த்துத் தரம் பிரிக்கும் தந்தையரிடம் மட்டும் பிள்ளைகள் தோற்பதுண்டு!)

கைப்பேசியிலும் இவ்விளையாட்டு உண்டு. ஆயினும் சற்றுத் தாமதித்தால் அது குறிப்புக் காட்டிவிடும். பொறுத்துத் தேடும் பழக்கம் அங்கே வளர்வதில்லை.

வாங்குமுன் பெற்றோர் எல்லாப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தல் நலம். வாலியின் முதற்பதிப்பில், கடற்கரைக் காட்சியில் மேலாடையற்ற பெண்ணுருவம் ஒன்று சிறிதாக இருந்தது. அமெரிக்கப் பெற்றோரே எதிர்ப்புத் தெரிவித்தனர். பிற்பதிப்பில் அது மாற்றப்பட்டது.

உருவப்படம் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிறார் விளையாட்டுப் பொருள்களில் சலுகை காண்போர், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகளுடன் விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை என்ற ஹதீஸை எடுத்துரைப்பர். பேணுதலாக இருக்க விரும்புவோர் குடை, சாவி, செருப்பு, இலை ஆகியவற்றைக் கொண்டே படம் அமைக்கலாம்.

நம் மக்தபில் அதையும் சுருக்கிக்கொண்டோம். சொல்லின் தொடக்கத்தில் வரும் வடிவத்தில் ‘பா’வுக்கும் ‘நூன்’ எழுத்துக்கும் புள்ளி கீழா மேலா என்பதே வேறுபாடு. ஒரு தாள் நிறைய ‘பா’ எழுதி, நடுவே ஒரேயொரு ‘நூன்’ வைத்தோம். முதலில் விரல் வைத்தவன், உரக்க ஓதத் தயங்கிக் கடைசி வரிசையில் அமரும் சிறுவன். “உஸ்தாத், இன்னொரு தாள் கொடுங்கள்” என்றான்.