வேட்டுக்கு அஞ்சிய வீரன்

எங்கள் பங்கு இல்லத்து நாய்க்கு வீரன் என்று பெயரிட்டவர் எனக்கு முன்பிருந்த பங்குத்தந்தை. பெயருக்கேற்றவாறு, இரவில் தோட்டத்துக்குள் அடியெடுத்து வைக்கும் எவரையும் அது விடாது. ஆனால் 2017-ஆம் ஆண்டு திருவிழாக் கொடியேற்றத்தன்று முதல் அதிர்வேட்டு முழங்கியதும், அந்த வீரன் என் கட்டிலுக்கடியில் புகுந்து, எச்சில் ஒழுக இரைத்து நடுங்கியது. தரையெல்லாம் சிறுநீர். விருந்துக்குக் குருக்கள் வரும் நேரம். அதட்டி இழுத்தேன், வரவில்லை. பிரம்பை எடுத்தேன். எழுத வெட்கமாயிருக்கிறது, ஆயினும் மறைப்பதற்கில்லை.

அதைப் பின்கட்டில் சங்கிலியால் பிணைத்துவிட்டுத் திருப்பலிக்குச் சென்றேன். ஒன்பது நாளும் அவ்வாறே. பத்தாம் நாள் தேர்பவனி, நள்ளிரவில் வாணவேடிக்கை. மறுநாள் விடியலில் கோயில்பிள்ளை ஓடி வந்து, "சாமி, கதவை வந்து பாருங்க" என்றார். சங்கிலி அறுந்து கிடந்தது. சமையற்கட்டுக் கதவின் அடிப்பலகை சிராய் சிராயாகப் பிறாண்டப்பட்டிருந்தது. அதில் இரத்தக் கறை. வீரனைக் காணோம். மூன்றாம் நாள், இரண்டு கல் தொலைவிலிருந்த செங்கற்சூளையின் மறைவில், நகம் பிய்ந்த கால்களோடு அதைக் கண்டெடுத்தோம். என்னைக் கண்டதும் வாலை ஆட்டியது. ஆனால் அருகில் வரவில்லை. என் கையில் பிரம்பு இருக்கிறதா என்று பார்த்ததோ என்னவோ.

கால்நடை மருத்துவரம்மா காலுக்குக் கட்டுப் போட்டபின், இடுப்பையும் மூட்டுகளையும் அழுத்திப் பார்த்தார். உடலில் வலியுள்ள நாய்க்கு ஓசையச்சம் புதிதாகத் தோன்றுவதுண்டாம். வீரனுக்கு அப்படி ஒன்றுமில்லை. "சாமி, இது சேட்டை இல்லை, பயம். பயத்தை அடிச்சுப் போக்க முடியாது. இனிமே வெடிச்சத்தம் கேட்டா அடியும் சேர்ந்து ஞாபகம் வரும்" என்றார். மனிதச் செவிக்கு எட்டுவது வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை; நாய்க்கோ 45,000 வரை எட்டும். நமக்குக் கேளாத மெல்லோசையும் அதற்குக் கேட்கும்.

எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. கோபுரத்து மணி தலைக்குமேல் முழங்கும்போது இதே வீரன் காதைக்கூட அசைப்பதில்லையே? விடை எளிது. அது பிறந்தது மணிக்கூண்டின் அடியில். பிறந்து மூன்றாம் வாரம் முதல் மூன்று மாதம் வரை குட்டி எவற்றோடு பழகுகிறதோ, அவற்றுக்குப் பெரும்பாலும் பின்னாளில் அஞ்சுவதில்லை. குருமடத்தில் உளவியல் படித்தபோது, பாவ்லோவின் நாய்களைப் பற்றித் தேர்வெழுதி நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். கட்டிலுக்கடியில் நாய் கிடந்தபோது அதில் ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை!

முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்னும் சிறுவனுக்கு, அவன் விரும்பிய உணவைக் கொடுத்துக்கொண்டே முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து அச்சத்தைத் தணித்த செய்தியை, மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார் 1924-இல் வெளியிட்டார். மருத்துவரம்மா கூறிய வழியும் அதுவே. கைப்பேசியில் வேட்டொலியைப் பதிந்து, கேட்டும் கேளாததுமான அளவில் ஒலிக்கச்செய்து, உடனே ஒரு துண்டுக் கருவாடு. நாய் அமைதியாயிருந்தால் மட்டுமே அடுத்த நாள் ஒலியைச் சற்றுக் கூட்டுதல். மூன்றாம் வாரம் எனக்குப் பொறுமையில்லாமற்போய் ஒரேயடியாகக் கூட்டிவிட்டேன். வீரன் கருவாட்டைத் துப்பிவிட்டு ஓடிற்று. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது.

அஞ்சும் நாயைத் தடவிக்கொடுத்தால் அச்சம் வளரும் என்பார்கள். அது தவறு. அது நாடி வந்தால் அருகில் அமரலாம். ஒளிந்திருந்தால் வெளியே இழுக்கலாகாது. மனிதருக்குரிய தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் கூடாது. சில மருந்துகள் உடலை மட்டும் கட்டிப்போடும். உள்ளே நடுக்கம் அப்படியே இருக்கும்.

பயிற்சி மட்டும் போதாதென்பதால், வேட்டு உபயகாரரிடம் பேசினேன். என்னினும் மூத்தவர், மகன் பிழைத்தெழுந்ததற்காக ஆண்டுதோறும் வேட்டு நேர்ந்திருப்பவர். "நாய்க்காகவா சாமி நேர்ச்சையை நிறுத்தச் சொல்றீங்க?" என்றார். என்னால் உடனே மறுமொழி கூற இயலவில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓசையெழுப்பும் வெடிகளைக் கொளுத்தலாகாது என்பது சட்டம். அதை மீறி நள்ளிரவு வாணவேடிக்கைக்குத் தலையசைத்தவன் நான். அதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். "நிறுத்த வேண்டாம் ஐயா. ஏரிக்கரையில் வைத்துக்கொள்ளுங்கள், 10 மணிக்குள் முடியட்டும். நேரத்தை முன்னதாகவே கோயிலில் அறிவித்துவிடுகிறேன். கைக்குழந்தை உள்ளவர்களும் மாடு கன்று வைத்திருப்பவர்களும் ஆயத்தமாயிருப்பார்கள்" என்றேன். நெடுநேரம் பேசாதிருந்து, பின் இசைந்தார்.

2018 திருவிழாவில், இளைஞர் சிலர் கோயில் முற்றத்திலும் இரண்டு சரம் கொளுத்தத்தான் செய்தார்கள். நான் பொழுது சாயுமுன்னே வீரனை வெளியே நடத்திவந்து, உள்ளறையின் சன்னல்களை அடைத்து, மின்விசிறியைச் சுழலவிட்டு, மேசைக்கடியில் பழைய கம்பளியை விரித்திருந்தேன். கோயில்பிள்ளையின் மனைவி உடனிருந்தார். தேர் நிலைக்கு வந்தபின் சென்று பார்த்தேன். இரைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கதவு பிறாண்டப்படவில்லை. தட்டில் வைத்த கருவாட்டில் பாதியைத் தின்றிருந்தது.