கடைசிப் பக்கம்

காக்களூர் சிட்கோவில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். நான் கவிதை எழுதுவது அங்கே யாருக்கும் தெரியாது. எழுத்து வேலை தெரிந்தவன் என்று மட்டும் தெரியும். ஆகவே விண்ணப்பம், பாங்க் சலான் எல்லாம் என் மேஜைக்கு வரும். போன மாதம் வெல்டிங் பையனின் பாஸ்போர்ட் வந்தது. சவூதிக்குப் போகிறான்.

தாய் தகப்பன் பெயர், விலாசம் இருக்கும் கடைசிப் பக்கத்தில் இன்னொரு வாசகமும் இருந்தது: எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட். பையன் பத்தாவதில் கணக்கில் போனவன். தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 தேசங்களுக்கு வேலைக்குப் போவதானால், 1983-ஆம் வருஷச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அதிகாரியின் அனுமதி வேண்டும். கணக்கில் தேறியிருந்தால் வேண்டாம்.

இதைப் பாதுகாப்பு என்கிறார்கள். பொய்யில்லை. ஒப்பந்தத்தைப் பார்க்கிறார்கள், இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் பதவியின் பெயர் பழசு. கரும்புத் தோட்டங்களுக்கு மதராஸிலிருந்து கூலிகள் கப்பலேறிய காலத்திலும் பாதுகாவலர் என்று ஒருவர் இருந்தார். கப்பல்களும் போய்க்கொண்டுதான் இருந்தன. 2018 ஜனவரியில் இவர்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டை என்று அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதம் கைவிட்டார்கள். நிறம் போயிற்று. வாசகம் இருக்கிறது.

ஏஜெண்டு வாயால் சொன்னது வெல்டர் வேலை. ஒப்பந்தத்தில் 'லேபர்' என்றிருந்தது. விசாவில் அரபியில் இருந்ததை டீக்கடை பாய் வாசித்தார்: 'ஆமில்'. உழைப்பவன், அவ்வளவுதான். அங்கே இறங்கியதும் கொடுக்கும் இக்காமாவிலும் அந்த வார்த்தைதான் ஏறும். அது இல்லாமல் அங்கே வேலையும் இல்லை, இருப்பும் இல்லை. கையில் இருக்கும் தொழில் ஒன்று, காகிதத்தில் இருப்பது வேறொன்று என்றால் கேட்க முடியாமல் போகும் என்று அவனுக்கு விளக்கினேன். சொற்களைப் பற்றி நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன்.

அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, குரலில் குற்றச்சாட்டே இல்லாமல் சொன்னான்: "இங்கயும் மஸ்டர்ல ஹெல்பர்னுதானேண்ணா எழுதறீங்க?"

உண்மைதான். ஹெல்பருக்கு ஒரு கூலி, வெல்டருக்கு ஒரு கூலி. முதலாளி சொன்னார், எழுதினேன். நாலு வருஷமாக, தினமும் காலையில், என் கையெழுத்தில்.

ஏஜெண்டின் படிவத்தை என் பக்கம் நகர்த்தினான். பூர்த்தி செய்து கொடுத்தேன்.