எலும்புக்குள் ஊறும் உயிர்

கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்துக்கு அருகிலுள்ள ரிஷிவந்தியத்தில் ஈசன் அர்த்தநாரீசுவரராக எழுந்தருளியுள்ளார். தேனபிஷேகத்தின்போது லிங்கத் திருமேனியில் அம்பிகையின் வடிவம் தோன்றுவதைக் கண்டு அன்பர்கள் உள்ளம் உருகுவர். மாதொருபாகன் என்றவுடன் பிருங்கி முனிவரின் வரலாறு நினைவுக்கு வரும். சிவனை மட்டுமே வலம் வருவேன் என்று அம்முனிவர் பிடிவாதம் கொண்டார். உடலில் எலும்பு தந்தையின் பங்கு. குருதியும் தசையும் அன்னையின் பங்கு என்பது முன்னோர் கொள்கை. அம்பிகை தன் பங்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ள, முனிவர் வெறும் எலும்புக்கூடாகித் தள்ளாடினார். பரமன் மூன்றாவது காலொன்றை அருளியே அவரை நிற்க வைத்தான்.

எலும்பையும் குருதியையும் பிரிக்கவே இயலாது என்பதை மருத்துவ அறிவியலும் பிற்காலத்தில் கண்டறிந்தது. எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில்தான் குருதி அணுக்கள் பிறக்கின்றன என்று 1868-இல் ஜெர்மானிய மருத்துவர் எர்ன்ஸ்ட் நியூமன் அறிவித்தார். குழந்தைப் பருவத்தில் ஏறக்குறைய எல்லா எலும்புகளிலும் இப்பணி நடைபெறுகிறது. வளர்ந்தபின் இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்பு ஆகியவற்றிலேயே பெரும்பாலும் நிகழ்கிறது. அங்குள்ள மூல அணுக்களிலிருந்தே உயிர்வளியைச் சுமக்கும் சிவப்பணு, நோயை எதிர்க்கும் வெள்ளையணு, குருதியை உறையவைக்கும் தட்டணு ஆகிய மூன்றும் தோன்றுகின்றன. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். மறைபவற்றை ஈடுசெய்ய, நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் புதிதாகப் பிறக்கின்றன. உயிர்வளி குறைந்தால் சிறுநீரகம் ஒரு சுரப்பு நீரை அனுப்பி, மஜ்ஜையை விரைவுபடுத்துகிறது.

இத்தொழிலுக்கு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. அவற்றுள் பி12 தாவர உணவில் கிடைப்பதில்லை. சைவ உணவினருக்குப் பாலும் தயிருமே வழி. முதுமையில் அதனை உணவிலிருந்து ஈர்க்கும் ஆற்றலும் குறையக்கூடும்.

சங்கராபுரத்து மூதாட்டி ஒருவர் பிரதோஷந்தோறும் பிராகாரத்தை மூன்று முறை வலம் வருபவர். அது ஒன்றாகச் சுருங்கியது. படியேறினால் மூச்சு வாங்கியது. பாதம் மரத்து நடை தள்ளாடியது. "வயதாகிவிட்டது, அவன் அழைக்கிறான்" என்று சொல்லி, விரதங்களைக் கூட்டிக்கொண்டார். மருமகள் விடாப்பிடியாக அழைத்துச் சென்று குருதிப் பரிசோதனை செய்வித்தார். பி12 குறைவால் வந்த சோகை என்று தெரிந்தது. ஊசி மருந்தால் சில வாரங்களில் மூச்சிரைப்பு தணிந்தது. பாதத்தின் மரமரப்பு மட்டும் முற்றிலும் நீங்கவில்லை. நரம்பு நெடுநாள் நலிந்துவிட்டால் முழுதும் மீள்வது அரிது.

ஃபோலிக் அமிலத்தின் வரலாற்றிலும் ஓர் அருளாளர் உள்ளத்தைக் காணலாம். 1895-இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், இளமையில் ராமகிருஷ்ண மிஷனில் சேர்ந்து துறவு பூண விரும்பியவர். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்கு உடன்பிறந்தோரைப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சில் இருந்தது. 1940-களில் அமெரிக்காவில் அவர் தலைமையிலான ஆய்வுக் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அதுவே அந்நோயால் வரும் சோகைக்கு மருந்தாயிற்று. தம் வீட்டாரைக் காக்க முடியாதவர் எண்ணற்ற வீடுகளைக் காத்தார்.

எனவே, வலம் வருகையில் மூச்சு வாங்கினால் முதுமையின் மேல் பழி போட்டு அமைதி கொள்ளலாகாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடலாம். குறைந்திருந்தால், தாமாக மாத்திரை வாங்கி உண்ணாமல், குறைந்த காரணத்தை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். குடலில் மறைவாகக் குருதி கசிவதும் காரணமாக இருக்கலாம். அன்னையின் பங்கைப் புறக்கணித்த பிருங்கி நிற்கவும் மாட்டாமல் தவித்தார். நம் குருதியைப் பேணுவதும் இடப்பாகத்து நாயகிக்குச் செய்யும் வழிபாடே ஆகும்.