காவிக்கு அடியில்

போன பங்குனியில் என் பேரனுக்கு அம்மை போட்டது. மாரியாத்தா போட்டாள் என்றுதான் என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். போட்டது நான்.

இதைச் சொல்ல 1974-இல் இருந்து தொடங்க வேண்டும். எனக்கு ஒன்பது வயது. மானாமதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் நெஞ்சில் நாலைந்து முத்து. அம்மா அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்து என் உள்ளங்கையையும் உள்ளங்காலையும்தான் முதலில் பார்த்தாள். பெரியம்மை இன்னும் நாட்டைவிட்டுப் போகாத காலம். அது முகத்திலும் கைகாலிலும் நெருக்கமாக வார்க்கும், உள்ளங்கையைக்கூட விடாது. சின்னம்மைக்கு நெஞ்சும் முதுகும்தான் இடம். "சின்னவதான்" என்று சொல்லிவிட்டு அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் வேப்பிலை ஏறியது. தாளிப்பு நின்றது. வெளியாள் படி ஏறக்கூடாது. அரித்தால் நகம் படக்கூடாது, வேப்பிலையால் நீவிக்கொள்ள வேண்டும். இளநீர், கூழ், நுங்கு. மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும், "ஆத்தா இறங்கிட்டா" என்று ஊருக்குச் சொன்னார்கள். சொல்லி மூன்றாம் நாள் தம்பிக்கு வார்த்தது.

அந்த வேப்பிலையை நான் பிற்காலத்தில் நிறையக் கேலி செய்திருக்கிறேன். ஆனால் ஆளை அண்டவிடாமல் வைத்ததில் தப்பில்லை; முத்துகள் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை ஒட்டும். கோளாறு நேரத்தில்தான் இருந்தது. முத்து வெளியே தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே கிருமி மூச்சோடு கிளம்பிவிடும். அந்த இரண்டு ராத்திரியும் நானும் தம்பியும் ஒரே பாயில், ஒரே போர்வைக்குள். அவன் உடம்புக்குள் அது சத்தமில்லாமல் பெருகப் பத்து முதல் இருபத்தொரு நாள் எடுத்துக்கொள்ளும். கதவைச் சாத்தியபோது அது வீட்டுக்குள்தான் இருந்தது.

ஐம்பது வருஷம் போயிற்று. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றேன். சர்க்கரை வந்தது. மகனும் மருமகளும் லீவுக்கு வந்திருந்த அந்தப் பங்குனியில் இடது விலாவில் ஓர் எரிச்சல். வாயு என்று நினைத்து இரண்டு நாள் ஓட்டினேன். அப்புறம் முதுகிலிருந்து நெஞ்சுவரை பட்டையாகக் கொப்புளம். நடுக்கோட்டைத் தாண்டவில்லை, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த மாதிரி.

"அக்கிங்க" என்றாள் மனைவி. மண்பாண்டம் செய்கிற பெரியவர் ஒருவரிடம் கூட்டிப் போனாள். அவர் செங்காவியைக் குழைத்து விலாவில் அக்கி எழுதினார். சில்லென்று இருந்தது, அதைப் பொய் சொல்ல மாட்டேன். சட்டை போட்டால் காவி ஒட்டும் என்று வெறும் வேட்டியோடு கிடந்தேன். இரண்டரை வயதுப் பேரன் மத்தியானமெல்லாம் என் நெஞ்சில் குப்புறப் படுத்துத் தூங்கினான். மனைவி ஒருதரம் முகம் சுளித்தாள். "அக்கி என்ன ஒட்டுவாரொட்டியா? உடம்புச் சூடு" என்று அடக்கிவிட்டேன்.

கொப்புளம் கிளம்பிய ஐந்தாம் நாள் வலி தாங்காமல் தனியாகப் பஸ் ஏறி டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?"

அன்றைக்குத்தான் தெரிந்தது, 1974-இல் ஆத்தா இறங்கவே இல்லை. உடம்பு அவளை விரட்டியது உண்மை. எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் சுற்றும் கிருமியை மடக்கின, டி அணுக்கள் கிருமி புகுந்த செல்களைத் தேடி அழித்தன. ஆனால் கொஞ்சம் கிருமி நரம்பு வழியே ஏறி, முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சில் பதுங்கிவிட்டது. அது தலை தூக்கும்போதெல்லாம் தட்டிவைத்தது டி அணுக்களின் காவல். சர்க்கரையோடு வயதும் சேர்ந்து அந்தக் காவல் அசந்தபோது, அது பதுங்கியிருந்த நரம்பு வழியாகவே தோலுக்கு இறங்கியது. அந்த ஒரு நரம்பின் எல்லைதான் நான் பார்த்த கோடு. அம்மைக்குக் காரணமான அதே கிருமிதான் அக்கிக்கும். அம்மைக்குப் பின் பதுங்கிக் கிடந்த கிருமியே அக்கியாகக் கிளம்புகிறது என்று 1965-இல் எடுத்துச் சொன்னவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற ஆங்கிலேயக் குடும்ப மருத்துவர். பெரிய ஆய்வகம் எதுவும் இல்லாமல், தன்னிடம் வந்த நோயாளிகளை வருஷக்கணக்கில் குறித்துவைத்தே அவர் அந்த முடிவுக்கு வந்தார்.

"மாத்திரை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சிருக்கணும் சார். பரவாயில்ல, இப்பவாவது சாப்பிடுங்க. வீட்ல கர்ப்பிணி யாராவது? சின்னப் பிள்ளைங்க?"

"பேரன்."

"அம்மை ஊசி போட்டிருக்கா?"

போடவில்லை. அரசின் இலவச ஊசிப் பட்டியலில் சின்னம்மைக்கு இடமில்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். ஒரு வருஷம் முன்பு மருமகள் கேட்டபோது, "அம்மைக்கு ஊசியா? தண்டம்மா. ஒரு தரம் வரும், போயிடும்" என்று பெரிய மனுஷனாக நான்தான் தடுத்தேன். எங்கள் வாசலில் வேப்பிலை தொங்கிய அதே 1974-இல்தான் ஜப்பானில் மிச்சியாகி தகாஹாஷி இந்தத் தடுப்பூசியை வெளியிட்டிருக்கிறார். தன் மகன் அம்மையில் துவண்டதைப் பார்த்து ஆராய்ச்சியில் இறங்கியவர்.

கொப்புளத்து நீர் பட்டால் அம்மை போடாத பிள்ளைக்கு அம்மை வரும் என்றார் டாக்டர். துணியால் மூடியிருந்தாலே பெரும்பாலும் தப்பியிருக்கலாம். "மூணு நாளுக்குள்ள, மிஞ்சினா அஞ்சு நாளுக்குள்ள ஊசி போட்டா தடுக்கலாம். இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். பையன் மேலே படுத்து இரண்டு நாள்தான் ஆகிறது. கொப்புளத்தின்மேல் காவி இருந்தது. ஒட்டியிருக்க வாய்ப்புக் குறைவு. இப்போது போய் ஊசி என்றால், தண்டம் என்று சொன்ன வாய் என்ன சொல்லும்? கணக்கு எனக்குத் தோதாகத்தான் வந்தது. வீட்டில், "சூடுதானாம், மாத்திரை கொடுத்திருக்கார்" என்றேன். சட்டையை மட்டும் மாட்டிக்கொண்டேன்.

பதினைந்தாம் நாள் சென்னையிலிருந்து மகன் போன் செய்தான். பிள்ளைக்குக் காய்ச்சல், வயிற்றில் முத்து. நாங்கள் ரயிலேறினோம். அங்கே பார்த்த குழந்தை மருத்துவர், ஆஸ்பிரின் மட்டும் எக்காரணத்துக்கும் தந்துவிடாதீர்கள் என்று எச்சரித்தார். நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார். ராத்திரியெல்லாம் பிள்ளை அரிப்பில் சிணுங்கினான். என்னிடம் வரக் கையை நீட்டினான். தூக்கப் பயமாக இருந்தது, இத்தனைக்கும் இனி அவனுக்கு நான் கொடுக்க எதுவும் பாக்கியில்லை.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த அண்டாவைக் குளியலறைக்கு நகர்த்திக் கொடுத்தேன். மருமகள் பிள்ளையை மணையில் உட்காரவைத்திருந்தாள். கூடத்தில் மனைவி யாரிடமோ போனில், "ஆத்தா இறங்கிட்டா" என்று சொல்வது கேட்டது.

"மாமா, அன்னைக்கு அந்த டாக்டர் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னாரும்மா. ஊசி போடக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

அவள் திரும்பவில்லை. பிள்ளையின் கண்ணை ஒரு கையால் மூடிக்கொண்டு, அடுத்த சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள்.