ரெண்டாவது ப்ராசஸர்

பழைய சர்வர் ஒன்றின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தால், பல சமயம் உள்ளே ஒரு காலி இடம் கண்ணில் படும். பென்டியம் 2, பென்டியம் 3 காலத்து சர்வர் மதர்போர்டுகள் நிறையவற்றில் ப்ராசஸருக்கு இரண்டு இடம் இருந்தது. வாங்கும்போது பட்ஜெட் இடித்திருக்கும், ஒன்றைத்தான் நிரப்பியிருப்பார்கள். மற்றதில் ஒரு டெர்மினேட்டர் அட்டை செருகியிருக்கும். (ஆர்னால்டு இல்லைங்க. பஸ்ஸில் போகிற மின் சிக்னல் கடைசியில் மோதித் திரும்பி வந்து குழப்பம் பண்ணாமல் இருக்க வைக்கிற சின்ன அட்டை.)

மூணு நாலு வருஷம் கழித்து சர்வர் திணற ஆரம்பிக்கும்போதுதான் அந்தக் காலி இடம் எல்லோருக்கும் ஞாபகம் வரும். புது சர்வர் வாங்குவதைவிட இன்னொரு சிப் வாங்கிப் போடுவது மலிவு. ஒன்றுக்கு இவ்வளவு வேகம் என்றால் இரண்டுக்கு இரண்டு மடங்கு. கணக்கு ரொம்ப சுலபமாக இருக்கிறது. தப்பாகவும் இருக்கிறது.

மாட்டுகிற வேலையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். இரண்டாவது சிப் முதலாவதின் வேகத்திலேயே இருக்க வேண்டும், பஸ் வேகமும் கேஷ் அளவும் ஒத்துப்போக வேண்டும். இன்டெல் ஒரே சிப்பையே சின்னச் சின்னத் திருத்தங்களோடு பல முறை வெளியிடும். அந்தத் திருத்த எண்கூடப் பொருந்தி வர வேண்டும். பல சர்வர்களில் புது சிப்புக்குத் தனியாக ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டரும் வாங்கிச் செருக வேண்டும். அப்புறம் பயாஸ் அப்டேட். இவ்வளவும் முடித்து ஆன் செய்தால் பயாஸ் திரையில் இரண்டு ப்ராசஸர் தெரியும். உடனே சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. பயாஸுக்குத் தெரிவது வேறு, ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தெரிவது வேறு.

விண்டோஸ் என்.டி-யை இன்ஸ்டால் செய்யும்போதே மெஷினில் எத்தனை ப்ராசஸர் என்று பார்த்து, ஒன்று இருந்தால் ஒரு கர்னலையும், பல இருந்தால் வேறொரு கர்னலையும் போட்டுவிடும். பின்னால் சிப் சேர்த்தால் கர்னலையும் அதற்குக் கீழே இருக்கிற 'ஹால்' என்ற அடுக்கையும் மாற்றியாக வேண்டும். இதற்கென்றே என்.டி 4.0 ரிசோர்ஸ் கிட்டில் ஒரு சின்ன புரோகிராம் கொடுத்தார்கள். ரெட் ஹேட் லினக்ஸிலும் பல ப்ராசஸருக்கான கர்னல் தனி பேக்கேஜாகத்தான் வந்தது. 1999-ல் அபிட் கம்பெனி பிபி6 என்று ஒரு மதர்போர்டு விட்டது. மலிவான செலரான் சிப் இரண்டை அதில் மாட்டலாம். இன்டெல் அந்தச் சிப்பை இரட்டை வேலைக்கென்று விற்கவே இல்லை, ஆனாலும் ஓடியது. ஆசையாக வாங்கி அதில் விண்டோஸ் 98 போட்டவர்கள் கதிதான் பாவம். விண்டோஸ் 98-க்கு இரண்டாவது ப்ராசஸர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்து சூடாகிக்கொண்டிருக்கும் :-)

சரி, கர்னலும் மாற்றியாச்சு. இனிமேல்தான் விஷயமே.

ஒரு பேரேட்டை இரண்டு கணக்கர்கள் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் கணக்கில் இருப்பு 5000 ரூபாய். முதல் கணக்கர் 2000 வரவு வைக்க வேண்டும், இரண்டாமவர் 1000 வரவு வைக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்து 5000 என்று மனதில் குறித்துக்கொள்கிறார்கள். முதலாமவர் 7000 என்று எழுதுகிறார். இரண்டாமவர் அதை அடித்துவிட்டு 6000 என்று எழுதுகிறார். இருக்க வேண்டியது 8000. இரண்டு பேரும் தங்கள் கூட்டலைச் சரியாகத்தான் செய்தார்கள், பணம் மட்டும் காணோம்.

ஒரே ப்ராசஸர் இருந்தாலும் இது நடக்கலாம், ஏனென்றால் அதுவும் பல வேலைகளை மாற்றி மாற்றித்தான் பார்க்கிறது. ஆனால் சரியாக அந்த நொடித் துணுக்கில் வேலை மாற வேண்டும் என்பதால் அபூர்வமாக நடக்கும். ப்ராசஸர் இரண்டானால் வாய்ப்பு பல மடங்கு கூடிவிடும். சில டிரைவர்களை எழுதியவர்கள், இன்டரப்ட்டைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்று நம்பி எழுதியிருப்பார்கள். ஒரு ப்ராசஸர் இருக்கும்வரை அது உண்மை. இரண்டாவது வந்த பிறகு, இந்தப் பக்கம் இன்டரப்ட்டை நிறுத்தினாலும் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வருஷக்கணக்கில் ஒழுங்காக ஓடிய சர்வர், சிப் சேர்த்த வாரத்தில் காரணம் புரியாமல் தொங்கிப் போவதற்கு இது ஒரு காரணம். புது சிப்பைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். குறை பழைய புரோகிராமில் முதல் நாளிலிருந்தே இருந்தது.

இதைத் தடுக்க வழக்கமான வழி பூட்டு. ஒருவர் பேரேட்டைத் தொடும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். தப்பு நடக்காது. ஆனால் காத்திருக்கிற நேரத்தில் இரண்டாவது கணக்கருக்குக் கொடுக்கிற சம்பளம் தண்டம்தானே?

இந்தத் தண்டத்தை அளக்க ஒரு கணக்கு உண்டு. ஐ.பி.எம்-மில் வேலை பார்த்த ஜீன் அம்டால் 1967-ல் ஒரு மாநாட்டில் பேசியதிலிருந்து கிளைத்தது, அவர் பெயராலேயே அம்டால் விதி என்கிறார்கள். ஒரு வேலையில் 20 சதவீதத்தை எப்படியும் ஒருவர்தான் செய்ய முடியும், மிச்சம் 80-ஐப் பங்கு போடலாம் என்று வையுங்கள். இரண்டு ப்ராசஸர் போட்டால் வேகம் 1.67 மடங்கு. நான்கு போட்டால் 2.5. எட்டு போட்டால் 3.33. ஆயிரம் போட்டாலும் 5-ஐத் தொடவே தொடாது. காமர்ஸ் மாணவர்கள் பொருளாதாரத் தாளில் குறைந்து செல் விளைவு விதி என்று உருப்போடுவது இதன் பக்கத்து வீட்டுக்காரர்தான். ஒரே நிலத்தில் ஆளைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகுமோ, ஒரே மெமரி, ஒரே பஸ், ஒரே டிஸ்க் இருக்கிற பெட்டியில் சிப்பைக் கூட்டிக்கொண்டே போனாலும் அதுதான்.

ஒரு அலுவலகத்தின் ஃபைல் சர்வர் திணறுகிறது என்றால் முக்கால்வாசி நேரம் ப்ராசஸர் டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் மெமரி போதாமல் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுத்துக்கொண்டிருக்கும். அங்கே இன்னொரு ப்ராசஸர் வாங்கிப் போட்டால், காத்திருக்க இரண்டு பேர் கிடைப்பார்கள். அவ்வளவுதான்.

அந்த 20 சதவீதம் டிஸ்க்கில் இல்லாமல் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு உள்ளேயே இருந்தால்? லினக்ஸில் அதுதான் இருந்தது. பல ப்ராசஸர் வசதிக்கான ஆரம்ப வேலையை ஆலன் காக்ஸ் செய்தார். அதற்கான இரட்டை பென்டியம் போர்டைக் கால்டெரா கம்பெனி நன்கொடையாகக் கொடுத்தது. 1996 ஜூனில் வந்த லினக்ஸ் 2.0-வில் அது சேர்ந்தது. பூட்டு எப்படி? கர்னல் முழுக்கவும் ஒரே பெரிய பூட்டு. எத்தனை ப்ராசஸர் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் கர்னலுக்குள் போகலாம். வெளியே உட்கார்ந்து கணக்குப் போடுகிற புரோகிராம்களுக்கு இதனால் பெரிய கஷ்டம் இல்லை. ஃபைல் கொடுக்கிற, நெட்வொர்க்கில் அனுப்புகிற சர்வருக்கோ வேலையே கர்னலுக்குள்தான்.

1999 ஜனவரியில் வந்த 2.2-வில் அந்தப் பெரிய பூட்டைக் கொஞ்சம் உடைத்தார்கள். நெட்வொர்க் பகுதி மட்டும் இன்னும் ஒருவர் ஒருவராகப் போகிற வரிசையாகவே இருந்தது. அந்த ஏப்ரலில் மைண்ட்கிராஃப்ட் என்ற நிறுவனம் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. நான்கு 400 மெகாஹெர்ட்ஸ் ஜியான் சிப், நான்கு நெட்வொர்க் கார்டு உள்ள டெல் சர்வர். அதில் ஃபைல் சர்வராக என்.டி, லினக்ஸைவிட 2.5 மடங்கு வேகம். வெப் சர்வராக 3.7 மடங்கு. சோதனைக்குக் காசு கொடுத்தது மைக்ரோசாஃப்ட்!

லினக்ஸ் உலகம் கொதித்தது. சும்மா கொதிக்கவில்லை, நியாயமும் இருந்தது. லினக்ஸ் பக்கம் செட்டிங்குகள் சரியில்லை, 4 ஜிபி மெமரி இருந்தும் லினக்ஸ் 960 எம்பியைத்தான் பயன்படுத்தியது. அதே வருஷம் ஜெர்மனியின் சி-டி பத்திரிகை தானே ஒரு நான்கு ப்ராசஸர் மெஷினில் சோதித்துப் பார்த்து, நிஜத்தில் வருகிற மாதிரி வேலைகளில் லினக்ஸ் பின்தங்கவில்லை என்று எழுதியது. யார் வீட்டு வெப் சர்வருக்கு 100 மெகாபிட் கார்டு நாலு தேவைப்படும் என்பதும் நல்ல கேள்விதான்.

ஆனால் ஜூனில் ரெட் ஹேட் ஆட்களும் கூட இருந்து, செட்டிங்கெல்லாம் பார்த்துப் பார்த்து வைத்து, மறுபடி ஓட்டியபோதும் என்.டி-தான் ஜெயித்தது. காசு வாங்கிக்கொண்டு சொன்னாலும் நோய் இருந்தது நிஜம். கத்துவதை நிறுத்திவிட்டு கர்னலைத் திறந்து பார்த்தவர்களுக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று அந்த நெட்வொர்க் வரிசை. இன்னொன்று, ஒரே ஒரு வாடிக்கையாளர் கதவைத் தட்டினால் தூங்குகிற அப்பாச்சி புரோசஸ் எல்லாம் எழுந்து ஓடிவந்து, ஒன்றுக்கு மட்டும் வேலை கிடைத்து, மற்றதெல்லாம் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வது. இரண்டையும் சரி செய்தார்கள். 2000-ல் டெல்லின் நான்கு ப்ராசஸர் மெஷினிலேயே டக்ஸ் என்ற வெப் சர்வரோடு லினக்ஸ் ஸ்பெக்வெப்99 சோதனையில் ஓடி, விண்டோஸ் 2000 எடுத்த எண்ணைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் எடுத்தது. 2.4 கர்னல் 2001 ஜனவரியில் வந்தது. பெரிய பூட்டின் கடைசித் துண்டு கழன்று விழுந்தது 2011 மே மாதம், 2.6.39-ல். மாட்டியதிலிருந்து கழற்றும்வரை 15 வருஷம்!

ஆக, 1999-ல் நான்கு சிப் வாங்கிப் போட்டவருக்கு, அந்தச் சிப்புகளின் முழு மதிப்பு கைக்கு வந்து சேர்ந்தது சில வருஷம் கழித்து, அதுவும் வேறு யாரோ ராத்திரி கண்விழித்து எழுதிய கர்னலால். அதற்குள் அந்த சர்வரின் புத்தக மதிப்பு தேய்மானத்தில் பாதி கரைந்திருக்கும்.

கடைசியாக காசு. எஸ்.க்யூ.எல் சர்வர் 2000 ஸ்டாண்டர்டு எடிஷனின் பட்டியல் விலை ஒரு ப்ராசஸருக்கு 4,999 டாலர். அந்த முறையில் லைசென்ஸ் வாங்கிய அலுவலகம், காலி இடத்தில் சில நூறு டாலர் சிப் ஒன்றைச் செருகினால் கூடவே இன்னொரு 4,999-ஐயும் எடுத்து வைக்க வேண்டும். (சர்வருக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.) 2004-ல் ஒரே சிப்புக்குள் இரண்டு கோர் வரப்போகிறது என்றானபோது, கோரை எண்ணமாட்டோம், சிப்பைத்தான் எண்ணுவோம் என்று மைக்ரோசாஃப்ட் தாராளமாக அறிவித்தது. எஸ்.க்யூ.எல் சர்வர் 2012-ல் கோரை எண்ண ஆரம்பித்துவிட்டது. சிப் வாங்க அனுமதி கேட்டு எழுதின கடிதத்தில் லைசென்ஸ் பற்றி அந்த ஒரு வரியை மறந்துபோன அட்மின்களிடம் ஆடிட்டர் கேட்ட கேள்விகளைத் தனிப் பதிவாகத்தான் போட வேண்டும்.